யாழ்ப்பாணக் குடாநாட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? கிணற்றடியிலிருந்து

"யாழ்ப்பாணக் குடாநாட்டின் இயற்கை, வரலாறு, அபிவிருத்தி பற்றி ஓர் அறிமுக ஆய்வு செய்ய வேண்டும். கிடைக்கிற நூல்களில் மூன்றும் மூன்று தனிப் பாடங்களாகவே கிடக்கின்றன. எங்கே தொடங்குவது, எப்படி ஒன்றாக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு தோட்டக் கிணற்றில் தொடங்குங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மலை இல்லை. மிக உயர்ந்த நிலமே கடல்மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர்தான். கடலிலிருந்தோ கடல்நீரேரியிலிருந்தோ பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தள்ளி ஓர் ஊரைக் காண்பது அரிது. இத்தகைய நிலத்தில் ஆறு இலட்சம் பேர் வரை இன்று வாழ்கிறார்கள் என்றால், அதற்குக் காலடியில் இருக்கும் சுண்ணக்கல்லும் அதில் தங்கும் மழைநீரும்தான் காரணம். எங்கே குடியேறினார்கள், எதைப் பயிரிட்டார்கள், யார் யாருக்குத் தண்ணீர் மறுத்தார்கள், பிள்ளைகளை ஏன் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள், இன்று எதற்காகப் பயப்படுகிறார்கள் என்ற கேள்விகள் எல்லாம் ஏதோ ஓரிடத்தில் கிணற்றைத் தொட்டே போகும்.

முதலில் கல்லைப் புரிந்துகொள்ளுங்கள். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்ட காலம்) சுண்ணக்கல். கடலடியில் படிந்து உருவானது. மழைநீர் மெல்லிய அமிலத் தன்மை உடையது. அது வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைத்துக்கொண்டே போகும். அதனால் உள்ளே குழிகளும் குகைகளும் வழிகளும் உண்டாகியிருக்கின்றன. புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படிக் கூரை இடிந்து திறந்துகொண்ட ஒரு பள்ளம். ஊரார் அதற்கு அடியில்லை என்பார்கள். அடி உண்டு; ஆனால் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், இரண்டும் ஒரே கிணற்றில். கீரிமலையில் கடலோரமாகவே நன்னீர் ஊறுவதும் இதே கல்லின் வேலைதான்: உள்நிலத்தில் இறங்கிய மழை, கல்லின் வெடிப்புகள் வழியே கடலை நோக்கி நடந்து அங்கே வெளிவருகிறது.

உப்புநீர் ஏன் கீழே இருக்கிறது? கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே தரைக்கீழ் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. நடுவில் தடிப்பு, கரையை நோக்கிப் போகப் போக மெல்லிசு. கணக்கு எளிது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள்: நீர்மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். உடனே ஏறாது, காலப்போக்கில் ஏறும். கிணற்றில் தண்ணீர் போதவில்லை என்று ஆழப்படுத்துகிறவர், அல்லது குழாய்க்கிணறு அடித்துப் பெரிய பம் பூட்டுகிறவர், நன்னீரைத் தேடி உப்பிடம் போகிறார். மற்ற ஊர்களில் ஆழம் தண்ணீரைக் கொடுக்கும். இங்கே ஆழம் சவரை, அதாவது உவர்நீரைக் கொடுக்கும். ஆய்வின் முதற்பக்கத்தில் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான். பழைய கிணறுகள் பெரும்பாலும் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதன் நியாயமும் இதிலேயே இருக்கிறது.

இந்த வில்லை ஒன்றாக இல்லை. வலிகாமம் (சுன்னாகத்தை நடுவாகக் கொண்டது), வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்காகப் பிரிந்து கிடக்கிறது. இவற்றில் வலிகாமத்து நீர்த்தேக்கமே பெரியது. அதன் மேல் கிடப்பது செம்பாட்டு மண். நீர் விரைவாக இறங்கும், காற்றோட்டம் உண்டு, உரமிட்டால் கேட்கும். குடாநாட்டின் தோட்டச் செய்கையின் நெஞ்சு அதுதான். கடல்நீரேரி ஓரங்களில் சாம்பல் நிறக் களர்மண், வடமராட்சி கிழக்கில் மணல், மணற்காட்டில் மணற்குன்று. தென்மராட்சியில் மாவும் பலாவும் தென்னையும் வயலும். தீவகத்தில் கல் மேலேயே தெரியும், மண் ஒரு போர்வை மாத்திரமே. நெடுந்தீவில் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை) அடுக்கி வேலி கட்டியிருப்பது அதனால்தான். மண் வரைபடத்தையும் கிணறுகள் உள்ள வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஊர்கள் எங்கே நெருக்கம், எங்கே ஐது என்பது உடனே தெரியும்.

அடுத்தது மழை. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். இந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போனால் ஆய்வு கெட்டுவிடும். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வந்து தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் இடைமழை கொஞ்சம். பிறகு சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் புழுதிதான். வில்லை மூன்று மாதம் நிரம்புகிறது, ஒன்பது மாதம் கரைகிறது. மாதவாரி மழையைப் போட்டு, அதன் அடியிலே கிணற்று நீர்மட்டத்தைப் போடுங்கள். அந்த ஒரு படம் பத்துப் பக்க விவரணைக்குச் சமம்.

அந்தப் படத்துக்கு நீங்களே அளக்கலாம். பத்துக் கிணறு போதும். கடலோரம், நடுநிலம், கடல்நீரேரி ஓரம் என்று ஒரு நேர்கோட்டில் தெரிந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் ஆண்டில் இரண்டு தடவை அளக்க வேண்டும்: புரட்டாதிக் கடைசியில் மழைக்கு முன், தை நடுப்பகுதியில் மழைக்குப் பின். பாரம் கட்டிய அளவு நாடா, ஒரு மின்கடத்துதிறன் மானி (நீரில் உப்பு கூடக் கூட இதன் எண் ஏறும்), கயிறும் கல்லும் கட்டிய போத்தல் ஒன்று இருந்தால் சரி.

இதில் பிழை விடும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. கிணற்றுக் கட்டின் மேலிருந்து அளந்துவிட்டு, கட்டின் உயரத்தைக் கழிக்க மறப்பார்கள்; இரண்டரை அடிக் கட்டு என்றால் உங்கள் முழு முடிவும் இரண்டரை அடி பிசகும். இறைப்பு முடிந்த கையோடு அளப்பார்கள். கிணறு ஊறி முடிவதற்குள் எடுத்த அளவு செல்லாது, காலை இறைப்புக்கு முன் அளக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் வாளியால் மேல்நீரை அள்ளி மானியில் பார்த்து "நல்ல தண்ணி" என்று எழுதுவார்கள். மேலே நிற்பது நேற்றைய மழை. போத்தலை ஒரு மீற்றர் கீழே இறக்கி ஒரு மாதிரி, அடியிலிருந்து ஒரு மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் உப்பு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது கையிலேயே தெரியும். பாசனத்துக்கு, செ.மீ.க்கு 700 மைக்ரோசீமென்சுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 3,000 தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. இடைப்பட்டதில் பயிர் தன் வேலையைக் காட்டும். வெங்காயம் முதலில் வாடும், பீற்றூட் தாங்கும், பனையும் தென்னையும் கவலைப்படா. எந்தக் கமக்காரரும் மானி இல்லாமலே இந்த வரிசையைச் சொல்வார். அவர் வெங்காயத்தை விட்டு எந்த ஆண்டில் வேறு பயிருக்குப் போனார் என்று கேளுங்கள். அந்தக் கிணறு எப்போது சவராகத் தொடங்கியது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

வரலாற்றுக்கு வருவோம். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை என்றேன். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று உண்டு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு தென்மேற்கே போய் அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. அதன் வழியில்தான் கந்தரோடை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இலங்கை வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் தோண்டிய இடம்; 1970 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் மீண்டும் தோண்டினார்கள். பெருங்கற்காலத்துக்குரிய கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் அங்கே கிடைத்தன. பிற்காலத்துச் சிறு தூபிகள் இன்றும் நிற்கின்றன. செம்பாட்டு மண், நன்னீர்க் கிணறு, மாரியில் ஓடும் நீர், வயலுக்கு ஏற்ற தாழ்நிலம் நான்கும் ஓரிடத்தில் கூடினால் அங்கேதான் குடியேறுவார்கள். கந்தரோடையின் பழமையை விளக்க நீண்ட வாதம் வேண்டியதில்லை, நிலத்தைக் காட்டினால் போதும்.

ஆனைக்கோட்டையில் 1980ஐ ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வில், ஒரு பெருங்கற்கால ஈமத்தில் முத்திரை கிடைத்தது. ஒரு வரியில் குறியீடுகள், மறுவரியில் பிராமி எழுத்து. வல்லிபுரத்தில் 1936 இல் கிடைத்த பொன்னேடு அநுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்தது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, இப்பகுதியை நாகதீவு என்ற பொருளில் குறிப்பிடுகிறது. இந்த மூன்று சான்றையும் வைத்து "குடாநாடு முழுக்க எங்களுடையது" என்று நிறுவப் பலர் இரு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். அறிமுக ஆய்வில் அந்த வழக்குக்குள் இறங்காதீர்கள். என்ன கிடைத்தது, எந்த மண்படையில் கிடைத்தது, எந்த மொழி, எந்த எழுத்து என்பதோடு நிறுத்துங்கள். பௌத்தச் சின்னம் கண்டால் சிங்களம், சைவச் சின்னம் கண்டால் தமிழ் என்று பிரிப்பது பெரும்பிழை. தமிழர் பௌத்தராகவும் இருந்த காலம் உண்டு என்பது தமிழ் இலக்கியம் படித்த எவருக்கும் தெரிந்ததே.

பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் 1619 வரை நல்லூரைத் தலைநகராகக் கொண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு. இக்காலத்துக்கு எல்லோரும் கை வைப்பது யாழ்ப்பாண வைபவமாலையில். அது ஒல்லாந்தர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் தொகுத்தது. அரசு வீழ்ந்து நூறு ஆண்டு கழிந்தபின் எழுதிய நூல் என்பதை மறந்து அதன் ஆண்டுக் கணக்குகளை அப்படியே எடுத்தெழுதினால் கட்டுரை அங்கேயே சறுக்கும். பரம்பரை நினைவு எப்படி இருந்தது என்பதற்கு அது அரிய சான்று. ஆண்டுக் கணக்குக்கு வேறு சான்றோடு ஒப்பிட வேண்டும்.

1560 இல் போர்த்துக்கேயர் படையெடுத்தார்கள், 1591 இல் மீண்டும் வந்தார்கள், 1619 இல் பிலிப் டி ஒலிவேரா அரசைக் கைப்பற்றினான். நல்லூர்க் கோவில் 1621 இல் இடிக்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயர். இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதுவதில் பயன் குறைவு. இந்த நிலத்திலிருந்து ஒவ்வொருவரும் எதை எடுத்தார்கள் என்று பாருங்கள்: குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னியில் பிடித்துக் கடல்வழி ஏற்றிய யானை, துணிக்குச் சிவப்பூட்டும் சாயவேர், பனைமரம், புகையிலை. நால்வகையில் புகையிலைதான் கிணற்றைக் கேட்கும் பயிர். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தையாயிற்று. பணம் தரும் பயிர் வந்ததும் நன்னீர்க் கிணறு உள்ள நிலத்தின் பெறுமதி ஏறியது.

1707 இல் ஒல்லாந்தர், யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை வழக்காறான தேசவழமையைச் சட்டமாக எழுதினார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற பாகுபாடு அதில் உண்டு. பெண்ணுக்குச் சீதனமாக நிலம் போகும், நிலத்தோடு கிணற்றில் பங்கும் போகும். இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு கிணற்றுக்குப் பத்துப் பங்காளிகள் சேர்ந்துவிடுவார்கள். காணி உறுதியில் (பத்திரத்தில்) எத்தனை பரப்பு என்பதோடு கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, எந்த வழியாகத் தண்ணீர் போகும் என்பதும் எழுதியிருக்கும். பழைய உறுதி ஒன்றைக் கேட்டு வாங்கி, பெயர்களை நீக்கிவிட்டு, அப்பகுதியை ஆய்வில் காட்டுங்கள். காணி எவ்வளவு துண்டுபட்டது என்பதற்கு அதைவிட நல்ல படம் இல்லை. அளவைக் கவனியுங்கள்: 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர்.

சாதியைத் தொடாமல் குடாநாட்டு வரலாறு எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். கிணற்றடியிலேதான் அது மிகக் கொடுமையாக நின்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தாங்களே அள்ள முடியாது; உயர்த்தப்பட்ட சாதியார் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். 1844 இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கிணற்றுக் கட்டுப்பாடு ஒழியவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன, அவற்றுள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் நடந்தது பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆண்டுகளில் தேநீர்க்கடையும் பொதுக்கிணறும் போராட்டக் களமாயின. குடிநீர்க் கிணறு எந்த ஊர்ப்பகுதிக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பழைய வரைபடத்தில் அளந்தால், இந்த வரலாறு எண்ணாகவே கண்முன் வரும்.

கல்வியும் இங்கேதான் சேர்கிறது. அமெரிக்க மிசன் 1816 இல் தெல்லிப்பழைக்கு வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841 இல் உதயதாரகை இதழ், மானிப்பாயில் கிறீன் வைத்தியரின் தமிழ் மருத்துவக் கல்வி. இதற்கு எதிர்முகமாக ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். மிசனரிமார் வந்தார்கள், கல்வி வளர்ந்தது என்று இரண்டு வரியில் முடிப்பது வழக்கம். ஏன் இந்த மக்கள் அதை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டார்கள்? இரண்டு பரப்பும் கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் கிடைக்கும் மூன்றாவது மகனுக்கு நிலத்தில் எதிர்காலம் இல்லை. உத்தியோகம் நிலத்துக்கு மாற்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் போனவர்கள், பென்சனோடு திரும்பிக் கல்வீடு கட்டினார்கள், காணி வாங்கினார்கள். 1905 இல் காங்கேசன்துறை வரை புகையிரதம் வந்தபின் கொழும்பு கிட்ட வந்தது. இன்றைய புலம்பெயர்வுக்கு யுத்தம் பெருங்காரணம். ஆனால் வெளியே போய் உழைத்து ஊருக்கு அனுப்பும் பழக்கத்துக்கு அதற்கு முன்பே நூறு வயது.

இனி அபிவிருத்தி. இருபதாம் நூற்றாண்டில் குடாநாட்டை மாற்றியது எது என்று கேட்டால், நீர் இறைக்கும் இயந்திரம் என்பேன். அதற்கு முன் துலா, அதாவது காலால் மிதித்து இறைக்கும் ஏற்றம். இரண்டு பேர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள், ஒருவர் கிணற்றடியில் பட்டை பிடித்து ஊற்றுவார், இன்னொருவர் வாய்க்கால் கட்டி மறித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவார். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். மனிதக் காலின் பலமே இறைப்பின் எல்லை; கிணறு களைக்கும் முன் ஆள் களைத்துவிடுவார். 1950களுக்குப் பிறகு இயந்திரம் பரவியதும் அந்த எல்லை போய்விட்டது. ஆளுக்குக் களைப்பில்லை, கிணற்றுக்குத்தான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பரப்பில் ஆண்டு முழுக்கப் பெய்யும் 1,250 மில்லிமீற்றர் மழை ஏறத்தாழ 316 கனமீற்றர். அதில் மூன்றில் ஒன்று ஆவியாகாமலும் ஓடிப்போகாமலும் கிணற்றுமட்டம் வரை இறங்குவதாக வைத்துக்கொள்வோம்: 105 கனமீற்றர். அதே பரப்பில் சின்ன வெங்காயம் நட்டு, ஓர் இறைப்புக்கு 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பாய்ச்சினால் 6.3 கனமீற்றர். ஒரு போகத்துக்கு இருபது இறைப்பு என்றால் 126 கனமீற்றர். ஒரு பரப்பில் ஒரு போக வெங்காயம், அந்தப் பரப்பு ஆண்டு முழுக்கச் சேமித்ததைவிட அதிகம் குடிக்கிறது. இரண்டாம் போகம் போட்டால் அயலாரின் மழையை இறைக்கிறோம். மூன்றில் ஒன்று என்பது கணக்குக்காக எடுத்த ஊகம்; உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் பெரிய மிச்சம் வராது.

பாய்ச்சியதில் ஒரு பகுதி திரும்பக் கிணற்றுக்கே இறங்குமே என்பீர்கள். இறங்கும், தனியே இறங்காது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுத்தது போக மிஞ்சியது நைத்திரேற்றாகி, செம்பாட்டு மண்ணில் தங்காமல் வெடிப்புக் கல் வழியே நேராகக் கிணற்றுக்குப் போகிறது. அதோடு நெருங்கிய குடிமனைகளின் மலசலகூடக் குழிகளும் சேர்கின்றன. வலிகாமத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருப்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைத்திரேற்றாகக் கணித்தால். நைதரசனாகக் கணித்தால் அதே எல்லை ஏறத்தாழ 11. இந்த இரண்டு அலகையும் குழப்பி எழுதிய கட்டுரைகள் ஏராளம். அறிக்கையில் 15 என்று கண்டால் எந்த அலகு என்று முதலில் பாருங்கள்: ஒன்றில் அது பாதுகாப்பான தண்ணீர், மற்றதில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாத தண்ணீர். நைதரசன் அளவை 4.43 ஆல் பெருக்கினால் நைத்திரேற்று அளவு வரும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாகச் செறிவு கூடும் என்பதையும் எழுதுங்கள். இந்தச் செய்தி இன்னும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

சந்தை நிலைமையையும் இதோடு வையுங்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றும் குடாநாட்டுக் கமக்காரருக்குப் பொன் விளைவித்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. கைத்தொழில் என்றால் 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. வேலை கொடுத்தது, வடபகுதிக்குப் பெருமையும் கொடுத்தது. அதே சுண்ணக்கல்லை, அதாவது நீர் தங்கும் கல்லையே, தோண்டியெடுத்தது. 1990 இல் யுத்தத்தோடு அது நின்றுபோயிற்று, அகழ்ந்த குழிகள் இன்றும் கிடக்கின்றன. கடலோரத்தில் ஆழமாகக் கல் தோண்டினால் உப்புநீர் உள்ளே வர வழி திறக்கும். அங்கே மீண்டும் தொழில் தொடங்குவது பற்றிய எந்த விவாதமும் இதைக் கடந்துபோக முடியாது.

யுத்த ஆண்டுகளை ஓர் இடைவெளியாக எழுதிக் கடக்க வேண்டாம். 1981 இல் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் அப்பாலும் நடந்தார்கள். வலிகாமம் வடக்கின் செம்பாட்டுக் காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாகிப் பல ஆண்டு பயிரின்றிக் கிடந்தன. புகையிரதம் 1990 இல் நின்று, யாழ்ப்பாணத்துக்கு 2014 இல்தான் திரும்ப வந்தது.

இந்த வெட்டுகள் புள்ளிவிபரத்திலும் விழுந்திருக்கின்றன. 1981 குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டம் என்றால் கிளிநொச்சியும் அதற்குள்; கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டமானது. 1991 இல் மதிப்பீடு எடுக்கப்படவில்லை. 2001 இல் வடக்கில் முழுமையாக எடுக்க முடியவில்லை. 2012 இல் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். 1981 எண்ணையும் 2012 எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழிப்பவர் இல்லாத ஓர் இழப்பை, அல்லது இருப்பதைவிடப் பெரிய இழப்பைக் காட்டிவிடுவார். முதலில் எல்லையைச் சமப்படுத்துங்கள். முடிந்தால் 15 பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பிரித்து ஒப்பிடுங்கள்.

தண்ணீருக்குத் தீர்வாக முன்வைத்த பெருந்திட்டங்களைப் பற்றி ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்தது யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற எண்ணம். கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகிறது. அந்த ஏரியைக் கிழக்கே சுண்டிக்குளத்தில் மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக் கடல்நீரேரிக்கும் கொண்டுவந்தால், ஏரியோர நிலங்களின் சவர் குறையும், வில்லை தடிக்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. முழுத் திட்டம் முடியவில்லை. கதவுகள் பழுதானால் உப்புநீர் திரும்ப ஏறும் என்பதால் கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் இதில் பெரிய வேலை. ஏரி நன்னீரானால் அதில் இறால் பிடித்துப் பிழைப்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

யுத்தத்தின்பின் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் எழுந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கோடையில் தங்கள் வயலுக்கே போதாத குளத்திலிருந்து எப்படிக் கொடுப்பது என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அதன்பின் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. குடிநீருக்கு அது பெரிய ஆறுதல். தோட்டத்துக்கு அது இல்லை. மின்சாரம் எரித்து எடுக்கும் நீரை வெங்காயத்துக்குப் பாய்ச்ச முடியாது. ஆகவே கிணற்றுப் பிரச்சினை கிணற்றிலேயே நிற்கிறது.

சுன்னாகத்தை ஒரு தனி உதாரணமாக எடுக்கலாம். அனல்மின் நிலையச் சூழலிலிருந்து எண்ணெய்க் கழிவு தரைக்கீழ் நீரில் கலந்து, சுற்றுவட்டக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் (இலங்கையின் அதியுயர் நீதிமன்றம்), பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. மண்வடிகட்டி இல்லாத வெடிப்புக் கல்லில் ஓரிடத்தில் ஊற்றியது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி. சிறிய வேலைகளில் நான் பெரிதும் நம்புவது குளங்களைத் தூர்வாருவது. குடாநாட்டில் நூற்றுக்கணக்கான சிறு குளங்களும் கேணிகளும் உண்டு. அழகுக்கு வெட்டியவை இல்லை, மாரி வெள்ளத்தைப் பிடித்து வில்லைக்குள் இறக்குபவை. குளத்தை நிரப்பிக் கடை கட்டிய இடத்தில் மாரியில் வெள்ளம் நிற்கும், ஆவணியில் பக்கத்துக் கிணறு வற்றும். 2008 நவம்பர் வெள்ளம் எங்கெங்கே நின்றது என்று ஊரில் கேட்டுப் பழைய வரைபடத்தில் குறியுங்கள். அடைபட்ட வாய்க்கால்களும் மூடப்பட்ட குளங்களும் வெளியே வந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே ஆய்வுக்குள் அடக்க ஒரு வழி சொல்கிறேன். முழுக் குடாநாட்டையும் எடுக்காமல் ஒரு கீற்றை எடுங்கள்: கீரிமலை, தெல்லிப்பழை, சுன்னாகம், கந்தரோடை, சண்டிலிப்பாய், அராலி. வழுக்கையாற்றை ஒட்டிய இந்த வழியைச் சைக்கிளில் ஒரு பகலில் முடிக்கலாம். கடலோர ஊற்று, மிசன் வந்திறங்கிய ஊர், தோட்டச் சந்தை, எண்ணெய் கலந்த கிணறு, பெருங்கற்காலக் குடியிருப்பு, வயல், கடைசியில் ஏரியோரச் சவர்நிலம் எல்லாம் இதே வழியில் இருக்கின்றன. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகங்களில் ஆண்டுதோறும் எழுதும் புள்ளிவிபரக் கையேடும், கமநல சேவை நிலையத்தில் பயிர்ப் பரப்பளவும் கேட்டால் கிடைக்கும். கடிதத்தோடு போங்கள், காலையில் போங்கள்.

முதற்பயணத்தைத் தை இரண்டாம் வாரத்தில் வையுங்கள். அப்போது வழுக்கையாற்றில் தண்ணீர் நிற்கும், குளங்கள் எங்கெங்கே இணைகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும், கிணறுகள் நிறைந்திருக்கும். அதே வழியில் புரட்டாதிக் கடைசியில் இன்னொரு தரம் போய், அதே பத்துக் கிணற்றையும் அதே கட்டிலிருந்து, அதே நேரத்தில் அளந்துபாருங்கள். அராலிக் கிணற்றில் போத்தலை அடிவரை இறக்க மறக்க வேண்டாம்.